வேதமொழி கற்கப் புறப்படுதல்



காஞ்சிக்கு அருகிலுள்ள தாமலில், இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில், எபிரெய மொழியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நண்பர்கள் சிலர் வியந்தார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. வேதமொழி கற்பதற்காக மனிதர்கள் ஊரைவிட்டுப் புறப்பட்ட வரலாற்றில் காஞ்சி வட்டாரத்துக்குப் பெரிய இடம் உண்டு. நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்ற இளைஞன் தன் குரு வீரசர்மனோடு கன்னட நாட்டிலிருந்து காஞ்சியில் கடிகை எனப்பட்ட கல்விச்சாலைக்கு வேதம் படிக்க வந்தான் என்று தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. காஞ்சியில் பிறந்த தர்மபாலர் வடக்கே போய் நாலந்தாவின் தலைவரானார். அவருடைய மாணவர் சீலபத்திரர். சீனத்திலிருந்து மலையும் பாலையும் கடந்து வந்த யுவான் சுவாங் பாடங்கேட்டது அந்தச் சீலபத்திரரிடம்தான். 671-இல் கடல் வழியாகப் புறப்பட்ட சீனத் துறவி இத்சிங் நேரே இந்தியாவுக்கு வரவில்லை. வழியில் ஸ்ரீவிஜயத்தில் தங்கி வடமொழி இலக்கணம் படித்துக்கொண்டு பிறகு வந்தார். பின்னால் வருகிற துறவிகளும் அங்கே ஓரிரண்டு ஆண்டு தங்கிப் படித்துவிட்டு வருவது நல்லது என்று எழுதியும் வைத்தார்.

ஆக, இறைநம்பிக்கையுள்ள ஒருவர் தம் மறைநூலின் மொழியைத் தேடி அயல்மண்ணுக்குப் போவது உங்கள் ஊர் அறிந்த பழைய வழக்கம். தமிழ்க் கிறிஸ்தவர்களான நாங்கள் அந்த வழக்கத்தில் பின்தங்கிவிட்டோம் என்பது என் கருத்து. எங்கள் வேதாகமத்தின் முக்கால் பங்கு எபிரெயத்தில் எழுதப்பட்டது. அதை வாரந்தோறும் தமிழில் வாசிக்கிறோம், மனப்பாடம் செய்கிறோம், பாடுகிறோம். ஆனால் ஓர் எபிரெய எழுத்தைக் கண்ணால் பார்க்காமலேயே பெரும்பாலோர் வாழ்ந்து முடிக்கிறார்கள்.

முதலில் மொழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு எழுத்துகள், எல்லாமே மெய்கள். வலமிருந்து இடமாக எழுதுவது. உயிரொலிகளைக் காட்டும் புள்ளிகளும் கோடுகளும் பின்னால் வந்தவை. கலிலேயாக் கடலோரத்துத் திபேரியா நகர அறிஞர்கள் பல தலைமுறையாக உழைத்து அவற்றை முறைப்படுத்தினார்கள். அந்த முறைப்படி எழுதப்பட்டு முழுமையாக நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வேதச் சுவடியின் காலம் 1008 அல்லது 1009. தஞ்சைப் பெரிய கோயிலை இராசராசன் எழுப்பிக்கொண்டிருந்த அதே காலம். ஜெபாலயங்களில் வாசிக்கும் தோராச் சுருளில் இன்றைக்கும் அந்தப் புள்ளிகள் கிடையாது. உயிரொலியையும் இராகத்தையும் வாசிப்பவர் நெஞ்சில் வைத்திருக்க வேண்டும். வரதராசப் பெருமாள் கோயிலில் அருளிச்செயல் ஓதும் கோஷ்டியைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சாலொமோனின் கப்பலில் போன மயிலைப் பற்றியும், அதைக் குறிக்கும் எபிரெயச் சொல் தமிழ்த் தோகையிலிருந்து வந்தது என்ற கருத்தைப் பற்றியும் நான் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். கால்டுவெல் காலம் முதல் அது போதுமான அளவு பேசப்பட்டுவிட்டது. மொழியைவிட அதைச் சுமந்து அலைந்த மனிதர்கள்மேல்தான் எனக்கு ஆர்வம்.

கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 849-இல் வேணாட்டு அய்யனடிகள் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு, அதாவது தேவாலயத்துக்கு, அளித்த கொடை அது. வட்டெழுத்தில் பொறித்தது. அதன் கடைசி ஏட்டில் சாட்சிகள் கையொப்பமிட்டிருக்கிறார்கள். சிலர் அரபியில், சிலர் பகலவியில், சிலர் எபிரெய எழுத்தில். எபிரெய எழுத்தில் ஒப்பமிட்டவர்கள் பேசியது பாரசீகம், வணிகம் செய்தது கொல்லத்தில். தொழுகை அந்த எழுத்தில் இருந்ததால் தங்கள் பெயரையும் அந்த எழுத்திலேயே எழுதினார்கள். தென்னிந்தியாவில் எபிரெய எழுத்துக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் ஒன்று இப்படி ஒரு கிறிஸ்தவப் பள்ளியின் செப்பேட்டில் இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

கேரளத்து யூதர்கள் அந்த எழுத்தை ஆயிரம் ஆண்டு காப்பாற்றினார்கள். வீட்டில் மலையாளம், ஜெபாலயத்தில் எபிரெயம். பரவூர், சேந்தமங்கலம் போன்ற ஊர்களின் ஜெபாலயங்களில் மாடியில் பிள்ளைகள் படிக்கத் தனி அறை இருந்தது. 1950-களின் நடுவில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நெகேவ் பாலையில் நெவாதிம் என்ற குடியிருப்பில் கொச்சிக்காரர்கள் பலர் குடியேறினார்கள். அங்கே போனபின் அவர்களுக்கு நேர்ந்ததைக் கவனியுங்கள். தாத்தன் காலம் முதல் எபிரெயத்தில் தொழுதவர்கள், பேச்சு எபிரெயத்தைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. டிராக்டரை ஓட்டவும் மருத்துவரிடம் நோயைச் சொல்லவும் சங்கீதப் புத்தகம் போதவில்லை. எலியேசர் பென் யெகுதா 1881-இல் எருசலேமுக்கு வந்து, வீட்டில் எபிரெயம் தவிர வேறு மொழி பேசுவதில்லை என்று உறுதிகொண்டு தொடங்கிய முயற்சி, 1922-இல் அந்த மொழியைப் பாலஸ்தீனத்து ஆங்கில ஆட்சியின் அலுவல் மொழிகளில் ஒன்றாக்கியிருந்தது. வேதத்தில் இல்லாத ஆயிரக்கணக்கான சொற்கள் அதற்குள் புகுந்துவிட்டன. 1949-இல் எருசலேமில் தொடங்கிய உல்பான் என்னும் மொழிப்பள்ளிகள் குடியேறியவர்களுக்கு இந்தப் புதிய எபிரெயத்தைச் சொல்லிக்கொடுத்தன. தொழுகையின் மொழியைத் தெருவின் மொழியாகவும் கற்க வேண்டிய நிலை உலகில் வெகு சிலருக்கே வாய்த்திருக்கிறது.

இனித் தமிழுக்கு வருகிறேன். எபிரெயத்தை நேரே தமிழுக்குள் கொண்டுவந்தவர்கள் வெளிநாட்டார். சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். புதிய ஏற்பாட்டை அச்சிட்டு, பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்து, 1719-இல் மறைந்தார். அவருக்குப் பின் வந்த சூல்சே எஞ்சியதை முடித்து 1728-க்குள் அச்சேற்றினார். அவர்கள் படித்துவிட்டு வந்த ஜெர்மனியின் ஹாலே நகரம் எபிரெயப் படிப்புக்குப் பேர்போனது. அங்கே பிராங்கே கீழைமொழிப் பேராசிரியராக இருந்தார். எபிரெய வேதத்தின் ஆய்வுப் பதிப்பு ஒன்று 1720-இல் அங்கே வெளிவந்தது.

இவர்களுள் என் மனம் அதிகம் தங்குவது ஜோகன் பிலிப் பப்ரிசியஸிடம். சட்டம் படித்து, அதை விட்டு இறையியலுக்கு வந்தவர். 1740-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1742-இல் சென்னைக்கு வந்தார். 1791-இல் இறக்கும்வரை ஊர் திரும்பவே இல்லை, திருமணமும் செய்துகொள்ளவில்லை. அந்த ஐம்பது ஆண்டும் அமைதியான ஆண்டுகளல்ல. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது பழவேற்காட்டுக்குப் போனார். பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது அவர் இருந்த வேப்பேரி சூறையாடப்பட்டது. மறுபடி பழவேற்காடு. 1780-இல் ஐதர் அலியின் படைகள் தொண்டைநாட்டில் புகுந்தன. இதோ பக்கத்தில் புள்ளலூரில் பெரும் போர் நடந்தது. இத்தனைக்கும் நடுவில் ஒரு கையில் எபிரெயச் சுவடியும் மறுகையில் தமிழ் ஏடுமாக அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். 1761-இல் புதுச்சேரி வீழ்ந்தபோது ஆங்கிலேயர் அங்கிருந்து எடுத்துவந்த அச்சுப்பொறி வேப்பேரிக்கு வந்தது. அதில் 1772-இல் அவருடைய புதிய ஏற்பாடும், 1779-இல் அவரும் உடன்பணியாளர் பிரைத்தாப்டும் சேர்ந்து தொகுத்த தமிழ் ஆங்கில அகராதியும் அச்சாயின. எழுதியதைப் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் வாசித்துக் காட்டித் திருத்தினார். லுத்தரன் சபையார் அவருடைய மொழிபெயர்ப்பைத் தங்கத் திருப்புதல் என்றே போற்றினார்கள்.

எபிரெயமும் அவருக்கு அயல்மொழி, தமிழும் அயல்மொழி. இரண்டு அயல்மொழிகளுக்கு நடுவே வாழ்ந்தவருடைய சிரமத்தைக் காட்ட ஒன்றே போதும். எபிரெயத்தில் தன்மைப் பன்மை ஒன்றுதான். தமிழிலோ நாம் வேறு, நாங்கள் வேறு. சங்கீதக்காரன் இறைவனை நோக்கிப் பேசுகிறானா, கூடியிருக்கும் மக்களை நோக்கிப் பேசுகிறானா என்று வரிக்கு வரி தீர்மானித்தால்தான் தமிழில் எழுத முடியும். சில சங்கீதங்களில் பேச்சு நடுவழியில் திரும்பிவிடும். எபிரெயம் மௌனமாக விட்டுவிடும் இடத்தில் தமிழ் பதில் கேட்கிறது. அந்தப் பதிலைச் சொல்ல இலக்கணம் மட்டும் போதாது, தொழுது பழகியிருக்க வேண்டும். பப்ரிசியஸ் தொழுகிறவராக இருந்து மொழிபெயர்த்தார். இன்றும் பாடப்படும் பல ஞானப்பாட்டுகளை அவர் தமிழாக்கித் தந்ததும் அதனால்தான் என்று நம்புகிறேன்.

அவருக்குப் பின் வந்தவர்களை வேகமாகக் கடக்கிறேன். பாளையங்கோட்டையில் ரேனியஸ், யாழ்ப்பாணத்தில் பெர்சிவல், அவருக்குத் துணையாகச் சைவரான ஆறுமுக நாவலர், பிறகு ஐக்கிய மொழிபெயர்ப்பைத் தந்த பவர், இருபதாம் நூற்றாண்டில் லார்சன். 1995-இல் திருவிவிலியம் பொதுமொழிபெயர்ப்பாக வந்தது. அப்போதுதான் மூலமொழி கற்ற தமிழர்கள் முன்னணியில் நின்று செய்த ஒரு முழு வேதாகமம் நமக்குக் கிடைத்தது. சீகன்பால்கு வந்து இருநூற்றெண்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. இவ்வளவு தாமதம் ஏன் என்று எங்கள் சபைகள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் எபிரெயத்தை இறையியல் கல்லூரியில் ஆங்கிலப் பாடநூல் வழியாகப் படித்தேன். பிறகு எருசலேமில் தங்கிப் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே என் வகுப்பில் உருசியாவிலிருந்து குடியேறிய பொறியாளர் இருந்தார், எத்தியோப்பியத் தாய் இருந்தார், போலந்து நாட்டுக் கன்னியாஸ்திரீ இருந்தார், வேலைக்கு எபிரெயம் தேவைப்பட்ட கிழக்கு எருசலேம் அரபு இளைஞர்கள் இருந்தார்கள். ஆசிரியை வயதில் மூத்தவர். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எபிரெயத்தில் நீங்கள் என்ற மரியாதைப் பன்மை இல்லை. பெரியவரை நீ என்று சொல்ல என் நாக்கு வெகுநாள் மறுத்தது. ஆனால் அந்த மொழியில் தீர்க்கதரிசி அரசனையும் அப்படித்தான் கூப்பிடுகிறான், அடிமை இறைவனையும் அப்படித்தான் கூப்பிடுகிறான். அது வகுப்பில் உட்கார்ந்தபின்தான் எனக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் தொடங்குவதை அறிவிக்க நகரில் சங்கு ஊதும். பேருந்துகள் நின்றுவிடும். ஓய்வுநாள் கட்டளையைச் சிறுவயதில் மனப்பாடமாக ஒப்பித்தவன் நான். ஒரு நகரமே அதற்காக அடங்குவதை அங்கேதான் பார்த்தேன். அங்கே தங்கிப் படிப்பவர் பெறுவது இதைத்தான். சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை அகராதியில் வராது.

ஆனால் ஞாயிறன்று நான் போன ஆலயத்தில் வழிபாடு அரபியில் நடந்தது. அந்த மண்ணின் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் பாலஸ்தீன அரபியர். எபிரெயம் அவர்களுக்குச் சங்கீதத்தின் மொழி மட்டுமல்ல, சோதனைச் சாவடியின் மொழியும் கூட. வேதமொழி என்ற பக்தியோடு நான் உச்சரித்த ஒரு சொல்லைக் கேட்டு ஆலயத்தில் ஒரு மூதாட்டியின் முகம் மாறியது. அதன்பின் அரபியில் வணக்கம் சொல்லவும் நன்றி சொல்லவும் கற்றுக்கொண்டேன். எருசலேமுக்கு எபிரெயம் கற்கப் போகும் எந்தக் கிறிஸ்தவரும் அரபியைக் கேட்கக் காதில்லாமல் திரும்பக் கூடாது. இதை என் மாணவர்களுக்குக் கட்டளையாகவே சொல்கிறேன்.

2023 அக்டோபருக்குப் பிறகு, காசாவின் அழிவைத் தொலைக்காட்சியில் பார்த்த மாணவர்கள் என்னிடம் நேராகவே கேட்டார்கள்: இனியும் இந்த மொழியைப் படிக்கத்தான் வேண்டுமா? வேண்டும் என்றேன். ஒரு மொழி அதைப் பேசும் அரசுக்குச் சொந்தமாகிவிடாது. பலவீனரை நசுக்குகிறவர்களை அஞ்சாமல் கண்டித்த ஆமோஸும் எரேமியாவும் பேசியது எபிரெயத்தில். கலிலேயாவின் பசூதா என்ற ஊரில் அரபுக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அந்தோன் சம்மாஸ் 1986-இல் தம் நாவலை எபிரெயத்தில் எழுதினார். இன்று அந்த நாட்டில் எபிரெயம் பேசும் கத்தோலிக்கருக்கென்று 1955-இல் தொடங்கிய அமைப்பு, இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் முதியோரைப் பராமரிக்கப் போனவர்களின் பிள்ளைகளையும் கவனித்துவருகிறது. அந்தப் பிள்ளைகள் தாய்மொழிபோல எபிரெயம் பேசுகிறார்கள், எபிரெயத்திலேயே கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்கிறார்கள். ஒரு மொழியின் எதிர்காலத்தை இவர்களும் சேர்ந்துதான் எழுதுகிறார்கள்.

இந்த மொழியைத் தமிழர் எப்படிக் கற்க வேண்டும் என்பதுதான் இன்று நான் அழுத்திச் சொல்ல வந்தது. நம் மாணவர் பெரும்பாலும் ஆங்கிலப் பாடநூல் வழியாகப் படிக்கிறார்கள். அதனால் எளிதாயிருக்க வேண்டியது கடினமாகிறது. எபிரெயத்தில் சில எழுத்துகள் சொல்லின் முதலில் ஒரு விதமாகவும், உயிருக்குப் பின்னால் வேறு விதமாகவும் ஒலிக்கும். பேத் முதலில் வல்லொலி, உயிருக்குப் பின் மெல்ல உரசும் ஒலி. ஆங்கில நூல் இதைப் பக்கம் பக்கமாக விதி போட்டு விளக்குகிறது. கல், பகல், தங்கம் என்று மூன்று சொல்லைப் பலகையில் எழுதி, ககரம் மூன்று விதமாக ஒலிப்பதைக் காட்டினால், தமிழ்ப் பிள்ளைக்கு ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும். நம் எழுத்தும் இடம் பார்த்து ஒலி மாறுவதுதானே!

அதேபோல, நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்தில் இருபத்திரண்டு பகுதிகள், ஒவ்வொன்றிலும் எட்டு வசனங்கள், மொத்தம் 176. முதல் பகுதியின் எட்டு வசனமும் முதல் எழுத்தில் தொடங்கும், அடுத்த எட்டும் அடுத்த எழுத்தில். புலம்பலின் நான்கு அதிகாரங்கள் அந்த எழுத்து வரிசையிலேயே அமைந்தவை. இதை ஏதோ விசித்திர அணியாக மேலைநாட்டு நூல்கள் விளக்குகின்றன. ஆத்திசூடியில் எழுத்துப் படித்த நமக்கு அதில் என்ன விசித்திரம்? எழுத்தறிவும் அறமும் ஒரே மூச்சில் ஊட்டுவது ஔவையின் வழி.

உன்னதப்பாட்டில் இன்னும் ஆழமாகப் போகலாம். எபிரெயத்தில் முன்னிலைக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. நீ என்ற சொல்லைக் கேட்டதுமே பேசுவது காதலனா காதலியா என்று தெரிந்துவிடும். தமிழில் நீ எல்லாருக்கும் நீதான். அதனால் நம் மொழிபெயர்ப்பில் குரல்கள் கலந்துவிடுகின்றன. ஆனால் தலைவன் கூற்று, தலைவி கூற்று, தோழி கூற்று என்று குறித்துக்கொள்ளாமல் ஒரு குறுந்தொகைப் பாட்டை நாம் படிப்பதுண்டா? யார் யாரிடம் சொன்னது என்பதே அகப்பாட்டின் முதல் கேள்வி. அந்தக் கேள்வியோடு வரும் தமிழ் மாணவன் உன்னதப்பாட்டின் வாசலில் சரியாக வந்து நிற்கிறான். எபிரெயப் பால்விகுதி அவனுக்குக் கதவைத் திறந்துவிடும். இந்தப் பாடத்தைத் தமிழ் வழியாகத்தான் நடத்த முடியும்.

கடினமானவை உண்டு, மறைக்கவில்லை. தொண்டையின் அடியிலிருந்து வரும் இரண்டு ஒலிகள் நம் வாயில் எளிதில் வருவதில்லை. ஏமன் வழிவந்த யூதர்கள் பலர் அவற்றை இன்றும் துல்லியமாக ஒலிக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பழகுவது நல்லது. அந்த ஒலிகள் அரபியிலும் இருப்பதால், அவற்றைக் கற்பிக்க நம்மிடையேயும் ஆசிரியர்கள் உண்டு. இங்கிருந்து மேற்கே போனால் வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டு முஸ்லிம் குழந்தை விளையாட்டு வயதிலேயே மதரசாவில் வலமிருந்து இடமாக எழுத்துக்கூட்டுகிறது. அந்தத் தொண்டை ஒலிகளை அது பிழையின்றிச் சொல்கிறது. அரபுத்தமிழ் என்று ஓர் எழுத்து வழக்கையே அந்தச் சமூகம் உருவாக்கி, அதில் நூற்றுக்கணக்கில் நூல் செய்தது. மறைநூலின் மொழி பிள்ளைகளுக்கு வேண்டும் என்று ஏழைக் குடும்பங்களும் முடிவெடுத்ததால் நடந்த காரியம் அது. எங்கள் ஞாயிறு பள்ளிகள் ஏன் அந்த முடிவை எடுக்கவில்லை? மதுரை அரசரடியில் 1969 முதல் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழ் வழியாகவே இறையியல் கற்பித்துவருகிறது. அந்த வழி போதகர் பயிற்சியோடு நின்றுவிடாமல் ஊர்ச் சபைவரை வர வேண்டும்.

எனவே அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவோடு இந்த நிதி நிற்க வேண்டாம். தமிழ் இலக்கணம் தெரிந்தவர்கள் தமிழ் மாணவனை மனத்தில் வைத்து எழுதும் ஓர் எபிரெயப் பாடநூலுக்கும், அதற்குத் துணையாகத் தமிழில் பொருள் கூறும் ஒரு சிற்றகராதிக்கும் இந்த நிதி உதவட்டும். அதை எழுதப் போகிறவரை முதலில் எருசலேமுக்கோ வேறு நல்ல கல்வியிடத்துக்கோ அனுப்பித் தங்கிப் படிக்க வையுங்கள். திரும்பி வந்ததும் தாமலிலேயே மாலை வகுப்பு ஒன்றைத் தொடங்கட்டும். தறி வேலை முடித்து வருகிறவர்களும் உட்காரும்படி நேரம் வையுங்கள். விண்ணப்பிக்கிறவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். நாவலரைப் போல வேறு நம்பிக்கையுள்ள ஒருவர் அந்தப் பணியை எங்களைவிட நன்றாகச் செய்யலாம். வருகிற ஆண்டு இந்த மேடைக்கு ஒரு பேச்சாளரைத் தேடும் முன்பு, அந்த மாணவரைத் தேடுங்கள்.